பலூன் எழவில்லையா? துணியைக் கடைசியாகப் பாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடோன். வடக்கே பாண்டி, மேற்கே நெல்லிக்குப்பம், பண்ருட்டி, தெற்கே ஓ.டி. (பழைய கடலூர்) தாண்டி ஆலப்பாக்கம் வரைக்கும் பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற பலூன் வாடகைக்கு விடுகிறேன். முதல் பிறந்தநாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பள்ளி ஆண்டுவிழா, கோயில் திருவிழா என்று பிள்ளைகள் கூடுகிற இடமெல்லாம் நம்ம வேலைதான். சிலர் ஜம்பிங் என்பார்கள், சிலர் பவுன்சி, "அந்த மிக்கி மவுஸ் வீடு இருக்காண்ணே" என்றும் கேட்பார்கள். நான் பலூன் என்றே எழுதிப் போகிறேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த சைஸ் வாங்கலாம், எங்கே வாங்கினால் சல்லிசு என்பதுதான். கேக் வெட்ட அரை மணி இருக்கும்போது பலூன் எழாமல் படுத்துக் கிடந்தால் என்ன செய்வது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அதனால் என் பையன்கள் வேலை இடத்திலிருந்து போன் போட்டுச் சொல்லும் வார்த்தைகளையே தலைப்பாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நான் என்ன கேட்பேன், எந்த வரிசையில் பார்க்கச் சொல்வேன் என்று எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் முன்னாடியே தெரிந்துகொள்ளுங்கள். இது கார் டயர் போலக் காற்றை அடைத்து மூடிய பொருள் இல்லை. தையல் ஓட்டைகள் வழியாகக் காற்று போய்க்கொண்டே இருக்கும், ப்ளோயர் ஊதிக்கொண்டே இருக்கும், வரவும் செலவும் சரிக்குச் சரியாக இருந்தால் பலூன் நிமிர்ந்து நிற்கும். உள்ளே இருக்கும் அழுத்தம் ஒன்றிரண்டு கிலோ பாஸ்கல்தான், கார் டயரில் இருப்பதில் நூறில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிசான அழுத்தத்தில் நிற்கிற பொருள் என்பதால் வரவு கொஞ்சம் குறைந்தாலும் துவண்டுவிடும். பார்க்க வேண்டியவை நாலு: கரண்ட், ப்ளோயர், தும்பிக்கை (ப்ளோயர் வாயில் மாட்டுகிற துணிக்குழாய்க்கு எங்கள் பெயர்), ஜிப். இந்த நாலையும் பார்த்த பிறகுதான் துணி கிழிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். புதுப்பையன்கள் எல்லோரும் நேராகப் போய்த் துணியைத்தான் தடவிக்கொண்டு நிற்பார்கள்.

"ப்ளோயர் ஓடுதுண்ணே, பலூன் பாதியோட நிக்குது"

15க்கு 15 அடி பலூன், 1.5 எச்.பி. ப்ளோயர் என்றால் நாலைந்து நிமிடத்தில் நிமிர்ந்துவிட வேண்டும். பத்து நிமிடம் ஆகியும் கோபுரங்கள் தலை தொங்கிக் கிடந்தால் எங்கேயோ குறைகிறது.

நான் கேட்கும் முதல் கேள்வி, ஜிப் மூடினாயா? பட்டியலில் கடைசியாகச் சொன்னதை முதலில் கேட்கிறேனே என்றால், இதைப் பார்க்க பத்து வினாடி போதும், அதனால்தான். காற்று இறக்குவதற்குப் பின்பக்கம் ஒன்றோ இரண்டோ ஜிப் இருக்கும், மேலே ஒட்டுப்பட்டை அதை மூடியிருக்கும். நேற்று ராத்திரி இறக்கியவன் ஒருத்தன், இன்று விரித்தவன் வேறொருத்தன் என்றால் பெரும்பாலும் அந்த ஜிப்தான். சில பலூனில் இரண்டு தும்பிக்கை இருக்கும், ஒரு ப்ளோயர் போதும் என்று ஒன்றை மட்டும் மாட்டிவிட்டு மற்றதைக் கட்டாமல் விட்டாலும் இதே கதை. சும்மா ஒரு முடிச்சு போதாது, மடித்துத் திருகிக் கயிற்றால் இறுக்க வேண்டும்.

அப்புறம் தும்பிக்கை முறுக்கிக்கொண்டிருக்கிறதா, ப்ளோயர் வாயில் பட்டை இறுகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். இடம் இல்லை என்று ப்ளோயரைப் பலூனை ஒட்டி வைத்தால் தும்பிக்கை மடியத்தான் செய்யும். நாலடி தள்ளி நேராக இழுத்து வையுங்கள். ப்ளோயர் காற்று இழுக்கிற பக்கத்தையும் ஒரு கண் பாருங்கள், விசேஷ வீட்டில் பறக்கிற பாலிதீன் கவரும் வெடித்த பலூன் தோலும் பந்தல்காரர் விட்டுப்போன துணியும் அங்கேதான் போய் ஒட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் சரி என்றால் கரண்ட். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதிகம் அவமானப்பட்டது இதில்தான்.

அரியாங்குப்பம் பக்கம் ஒரு வீடு, தோட்டத்தின் கோடியில் பலூன். சமையல்கட்டு 5 ஆம்ப்ஸ் ப்ளக்கில் இருந்து, எங்கள் வயர் எட்டவில்லை என்று அந்த வீட்டு வயர் பாக்ஸையும் சேர்த்து ஐம்பது மீட்டருக்கு இழுத்திருந்தான் பையன். ப்ளோயர் ஓடியது, ஆனால் இழுத்து இழுத்து, ஆஸ்துமாக்காரர் மாதிரி. நானும் போய்த் துணி முழுக்க சோப்புத் தண்ணீர் தெளித்து ஓட்டை தேடினேன். ஒரு மணி நேரம். கடைசியில் அந்த வீட்டுப் பெரியவர் ஒரு மல்டிமீட்டர் கொண்டு வந்து கொடுத்தார். வீட்டு ப்ளக்கில் 212, ப்ளோயர் முனையில் ஓடும்போது 198. கணக்குப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. 1 சதுர மி.மீ. செம்பு வயர் ஐம்பது மீட்டர் தூரத்துக்குப் போக வர நூறு மீட்டர், அதன் தடை சுமார் 1.8 ஓம். 1.5 எச்.பி. மோட்டார் 7 ஆம்ப்ஸ் இழுத்தால் 13 வோல்ட் வயரிலேயே போய்விடும். ஆரம்பிக்கும் நொடியில் அது நாலைந்து மடங்கு இழுக்கும், அப்போது ஐம்பது வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். 230க்குப் பதில் 200 வோல்ட் என்றால் பதிமூன்று சதவீதம்தான் குறைவு என்று நினைக்காதீர்கள், மோட்டாரின் இழுவை வோல்ட்டேஜின் வர்க்கத்தில் இறங்கும், அதாவது முக்கால் பங்குதான் மிஞ்சும்.

அன்றிலிருந்து 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் செம்பு வயர், 15 ஆம்ப்ஸ் பின், வேறெதுவும் வண்டியில் ஏறாது. ஏ.சி.க்கோ கிரைண்டருக்கோ போட்ட 15 ஆம்ப்ஸ் ப்ளக் எங்கே இருக்கிறது என்று ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுவோம். வயரைச் சுருளோடு வைத்து ஓட்டாதீர்கள். மிச்சம் இருந்தாலும் முழுக்கப் பிரித்துப் போடுங்கள், சுருளுக்குள் சூடு தங்கி மேலுறை உருகிவிடும்.

இன்னொரு விசித்திரமான காரணம் உண்டு. மோட்டார் எரிந்து காயில் கட்டி வந்த ப்ளோயர், சத்தம் சரியாக இருக்கிறது, வோல்ட்டேஜ் சரியாக இருக்கிறது, ஆனால் காற்று மட்டும் சோகையாக வருகிறது. காயில் கட்டியவர் இணைப்பை மாற்றிக் கொடுத்திருப்பார், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். இந்த வகை ப்ளோயர் எதிர்ப்பக்கம் சுற்றினாலும் காற்றை உள்ளே இழுக்காது, அதே வாய் வழியாகத்தான் ஊதும், அளவுதான் குறையும். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. ப்ளோயர் உடம்பில் அம்புக்குறி போட்டிருப்பார்கள், நிறுத்தும்போது விசிறி எந்தப் பக்கம் சுற்றி நிற்கிறது என்று அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"ம்ம்ம்னு உறுமுதுண்ணே, சுத்தல"

கண்டன்சர் (மோட்டாரைக் கிளப்பிவிடுகிற சின்ன உருளை). வேறு யோசிக்க வேண்டாம், முதலில் ஸ்விட்சை அணையுங்கள், உறுமவிட்டு வேடிக்கை பார்த்தால் சில நிமிடத்தில் காயிலும் போகும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு விசிறியைக் குச்சியால் தள்ளிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் கண்டன்சர், இறுகி நின்றால் பேரிங் துரு. நம்ம கடலோர உப்புக்கு இரண்டுமே சகஜம். கண்டன்சர் மேல் எத்தனை மைக்ரோ ஃபாரட் என்று எழுதியிருக்கும், அதே எண் வாங்க வேண்டும், அதிகம் போட்டால் வேகமாகச் சுற்றும் என்று ஒரு கடைக்காரர் எனக்குச் சொன்னார், நம்பாதீர்கள். கழற்றும் முன் அதில் தேங்கிய கரண்ட்டை இறக்கிவிடுங்கள். ப்ளக் பிடுங்கிய பிறகும் அது அடிக்கும்.

ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, தானாக நின்று, இருபது நிமிடம் கழித்துத் தானாக ஓடுகிறது என்றால் அது பழுது இல்லை, சூடேறியதால் மோட்டாரில் உள்ள பாதுகாப்பு வெட்டுகிறது. வெயிலில் நிற்கிறதா, மூச்சு விடும் பக்கம் அடைத்திருக்கிறதா, வோல்ட்டேஜ் குறைவா, இந்த மூன்றில் ஒன்று. மேலே குடை பிடிக்கலாம், கோணி போட்டுப் போர்த்தக் கூடாது. போர்த்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"போட்ட உடனே ட்ரிப் ஆகுது"

எது ட்ரிப் ஆகிறது என்று கேளுங்கள். எம்.சி.பி. (இழுப்பு மிஞ்சினால் லைனை வெட்டுகிற ஸ்விட்ச்) விழுந்தால் இழுப்பு அதிகம். அதே லைனில் ஃப்ரிட்ஜும் மோட்டாரும் சீரியல் செட்டும் இருக்கும், வேறு லைன் கேட்க வேண்டும். இரண்டு ப்ளோயர் இருந்தால் ஒன்று முழு வேகம் பிடித்த பிறகு அடுத்ததைப் போடுங்கள். ஜெனரேட்டருக்கும் இதே விதி. 1.5 எச்.பி. ஒன்றுக்கு 3 கே.வி.ஏ. இருந்தால் நிம்மதி. சவுண்ட் சர்வீஸ்காரரின் ஜெனரேட்டரில் ஒட்டிக்கொள்வது எனக்குப் பிடிக்காது, ப்ளோயர் ஆரம்பிக்கும்போது அவர் ஆம்ப்ளிஃபையர் கொர்ரென்று இழுக்கும், அப்புறம் விழா முழுக்க முறைத்துக்கொண்டே இருப்பார்.

ஆர்.சி.சி.பி. (கசிவு இருந்தால் லைனை வெட்டுகிற ஸ்விட்ச்) விழுந்தால் கதை வேறு. எங்கேயோ கரண்ட் மண்ணுக்குக் கசிகிறது. புல்லில் கிடக்கிற நனைந்த இணைப்பு, உப்புப் பூத்த பின், மோட்டாருக்குள் ஈரம். "அதைத் தாண்டி நேரா குடுத்துடலாம் தம்பி" என்று யாராவது எலக்ட்ரீஷியன் சொல்வார். பிள்ளைகள் வெறுங்காலோடு ஏறுகிற பொருளுக்கு அப்படிக் கொடுக்கவே கூடாது. மாற்று ப்ளோயர் இல்லையென்றால் வாடகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

"புள்ளைங்க ஷாக் அடிக்குதுன்னு சொல்லுதுங்க"

உடனே எல்லோரையும் இறக்கி ப்ளக்கைப் பிடுங்குங்கள். பிறகுதான் ஆராய்ச்சி. பெரும்பாலும் நைலான் சட்டை உரசி வருகிற சின்னச் சுருக்காகத்தான் இருக்கும், ஆனால் "பெரும்பாலும்" என்பதை நம்பி ஓட்டக் கூடாது. ப்ளோயர் உடம்பில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள், ப்ளக்கில் மூன்றாவது துளையில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் துளை இருக்கும், உள்ளே வயர் இருக்காது. எங்கள் வயர் பாக்ஸிலேயே 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டி வைத்திருக்கிறோம், எந்த வீட்டை நம்பியும் போவதில்லை.

"நடுவுல கட்டி மாதிரி எழும்பி நிக்குது"

குதிக்கிற தளம் சமமாக இல்லாமல் ஒரு இடத்தில் மட்டும் பானை கவிழ்த்த மாதிரி புடைத்து நிற்கும். வெளியே ஒரு கிழிசலும் தெரியாது. தளத்தின் மேல் துணியும் கீழ்த் துணியும் விலகாமல் பிடித்துக்கொள்ள உள்ளே குறுக்குத் துணிகள் தைத்திருப்பார்கள், அதில் ஒன்று அறுந்துவிட்டது என்று அர்த்தம். பெரிய ஆட்கள் ஏறிக் குதித்தால், அல்லது சின்னப் பலூனுக்கு 2 எச்.பி. ப்ளோயரை மாட்டினால் இது வரும். பலமான ப்ளோயர் நல்லது என்று எனக்கு முதல் வருடம் ஒரு நினைப்பு இருந்தது, அதில் ஒரு பலூன் போனது.

இதற்கு இடத்தில் வைத்தியம் இல்லை. புடைத்த இடத்தில் குதிக்கிற பிள்ளை பக்கவாட்டில் தெறித்து விழும், ஒன்று அறுந்தால் பக்கத்துக் குறுக்குத் துணி அந்தப் பாரத்தையும் சேர்த்து வாங்கி அதுவும் அறும். இறக்கி எடுத்து வந்து, ஓரத் தையலைப் பிரித்து உள்ளே ஆள் நுழைந்து தைக்க வேண்டும். குடை, தார்ப்பாய் தைக்கிறவரிடம் கனத்த மிஷின் இருக்கும், நைலான் நூல் இரட்டைத் தையல். அவர் கேட்ட கூலியைக் கொடுத்துவிடுங்கள், பேரம் பேசினால் ஒற்றைத் தையலோடு வரும்.

"காத்து அடிக்குது, ஒரு பக்கம் தூக்குற மாதிரி இருக்கு"

இந்த போன் வந்தால் நான் கேள்வி கேட்பதில்லை. பிள்ளைகளை இறக்கு, காலி ஆனதும் ப்ளோயரை நிறுத்து, ஜிப்பைத் திற. பேசுவது அதற்கப்புறம்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம், ஆனால் பலூன் விஷயத்தில் மட்டும் "அதான் உள்ளே இத்தனை புள்ளைங்க இருக்காங்களே, எப்படிப் பறக்கும்" என்பார்கள். பறக்கும். 2021 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில், டெவன்போர்ட் என்ற ஊரில், ஒரு பள்ளி விழாவில் காற்று பலூனைத் தூக்கியதில் 6 பிள்ளைகள் இறந்தார்கள். கணக்கும் அதையே சொல்லும். 15 அடி அகலம், 12 அடி உயரச் சுவரில் மணிக்கு 38 கி.மீ. காற்று நேராக மோதினால் தள்ளும் விசை நூறு கிலோ பாரத்துக்கும் மேல். காற்று இரண்டு மடங்கானால் விசை இரண்டு மடங்கில்லை, நாலு மடங்கு.

அந்த 38 கி.மீ. என்பது ஐரோப்பியத் தரம் ஈ.என். 14960 வைத்திருக்கும் எல்லை. அதற்கு மேல் போனால் பலூன் நிற்கக் கூடாது. கையில் பிடித்து அளக்கிற காற்றுமானி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அது இல்லாத பையனுக்குச் சொல்லி வைத்த அடையாளம், இலையோடு இருக்கிற சின்ன மரம் மொத்தமாக ஆட ஆரம்பித்தால், காலி பிளாஸ்டிக் சேர் நகர்ந்தால், இறக்கு. என்னைக் கேட்க வேண்டாம். கோடையில் சில்வர் பீச் பக்கம் காலையில் இலை அசையாது, மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறும், மாலை நாலு மணிக்கு அது வேறு ஊர். ஆடி ஆவணியில் சாயங்காலம் மேற்கே கறுத்தால் மழைக்கு முன்னால் வரும் அந்த முதல் வீச்சுதான் ஆபத்து, அது எச்சரிக்கை இல்லாமல் வரும். மேகம் தெரிந்ததும் இறக்கிவிடுவது என் பழக்கம், "ஒரு சொட்டு கூட விழலையே" என்று வாடகையில் பிடித்தவர்களும் உண்டு, பரவாயில்லை.

முளை அடிப்பது பற்றி. எத்தனை வளையம் தைத்திருக்கிறதோ அத்தனைக்கும் கட்ட வேண்டும், "நாலு மூலைக்கு போதும்ணே" என்று சொல்கிற பையனை நம்பி வண்டியைக் கொடுக்க மாட்டேன். மேலே சொன்ன தரத்தில் ஆறு இடத்துக்குக் குறையக் கூடாது, முளை 38 செ.மீ. நீளம், 16 மி.மீ. கனம். முளையின் தலை பலூனுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், அடித்த பிறகு தலை தரைக்கு மேல் ஒரு விரல் அகலம்தான் தெரிய வேண்டும். பண்ருட்டிச் செம்மண்ணில் சம்மட்டி துள்ளும், ஆனால் இறங்கிவிட்டால் யானை இழுத்தாலும் வராது. பாகூர் வயல் ஓரத்தில் மழைக்குப் பிறகு வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கும், அதே மாதிரி வெளியேயும் வரும்.

கடற்கரை மணலில் இந்த முளை எதற்கும் உதவாது. தேவனாம்பட்டினத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அண்ணன் நான் முளை அடிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "குழி தோண்டு தம்பி" என்றார். ஒரு சாக்கில் மணலை நிரப்பி, அதன் இடுப்பில் கயிறு கட்டி, மூன்றடிக் குழியில் படுக்கவைத்து, கயிற்றைச் சாய்வாக வெளியே எடுத்து, மேலே மணலைப் போட்டு மிதித்தார். "இப்ப இழு." இரண்டு பேர் இழுத்தோம், அசையவில்லை. அன்றிலிருந்து மணலில் அதுதான், நேரம் ஒரு மணி கூடுதல் ஆகும், அதற்குத் தனியாகக் கூலி வாங்கிக்கொள்கிறேன்.

சிமெண்ட் தரை, டைல்ஸ் என்றால் எடைதான் வழி. ஒரு கட்டுக்கு 163 கிலோ. ஒரு மணல் மூட்டை, இரண்டு செங்கல், அந்தப் பக்கம் நிற்கிற ஸ்கூட்டர் இதெல்லாம் எடை இல்லை. 200 லிட்டர் நீல ட்ரம்மில் தண்ணீர் நிரப்பினால் 200 கிலோ, கணக்கு சுலபம், இறக்கும்போது திறந்துவிட்டுக் காலி ட்ரம்மை எடுத்து வரலாம். தண்ணீர் பிடிக்க நேரம் ஆகும், வாடகைக்காரர் வீட்டு டேங்க் காலியாகும், அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

"மொட்டை மாடியில போடச் சொல்றாங்க"

முடியாது.

"கரண்ட் போச்சு"

பலூன் உடனே விழாது, ஓரிரு நிமிடம் தாக்குப்பிடிக்கும், ஆனால் மேல்கூரை வைத்த பலூனுக்கு அந்த அவகாசம் இன்னும் குறைவு, கூரைதான் முதலில் தலை மேல் இறங்கும். வாசலில் நிற்கிற பையன் ஜெனரேட்டரைத் தேடி ஓடக் கூடாது, பிள்ளைகளை வெளியே இழுக்க வேண்டும். சறுக்கு மேல் இருப்பவர்களை முதலில். பிள்ளைகளுக்கு இந்த இடிந்து விழுகிற கூத்துதான் விழாவிலேயே பெரிய சந்தோஷம், மடிப்புக்குள் ஒளிந்துகொள்வார்கள், அதனால் தலையை எண்ணுங்கள்.

எல்லோரும் மறக்கிற ஒன்று, காலி செய்ததும் ஸ்விட்சை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் கரண்ட் வந்ததும் அது தானாக எழும், யாராவது ஒரு பொடியன் படுத்திருக்கும் துணி திடீரென்று நிமிரும்.

"ஒருத்தன் அழுவுறான், முட்டிக்கிட்டாங்களாம்"

நாலு வயசும் பன்னிரண்டு வயசும் ஒன்றாக ஏறியிருக்கும். பிரித்து, பத்து நிமிடத்துக்கு ஒரு கூட்டம். கொலுசு, ஊக்கு, கூர்மையான ஹேர் கிளிப், கண்ணாடி எல்லாம் வாசலிலேயே கழற்ற வேண்டும், பட்டுப்பாவாடை கால் தடுக்கும், அதை அம்மாக்களிடம் சொல்ல ஒரு தனித் தைரியம் வேண்டும். "நானும் ஒரு தடவை" என்று வருகிற மாமாக்களுக்குச் சிரித்துக்கொண்டே வழியை மறித்து நில்லுங்கள்.

"துணி சுடுதாம், ஏற மாட்டேங்குதுங்க"

மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆர்டர் எடுத்தது உங்கள் தவறு. கறுப்பு, சிவப்பு, நீலம் சறுக்கு தொடையில் கொப்புளம் போடும். உங்கள் புறங்கையை வைத்து ஐந்து எண்ணிப் பாருங்கள், வைக்க முடியவில்லை என்றால் பிள்ளைகள் ஏறக் கூடாது. தண்ணீர் தெளித்தால் ஐந்து நிமிடம் குளிரும், அப்புறம் வழுக்கும். பந்தலுக்குள் போடுங்கள், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல்.

"கிழிஞ்சிடுச்சு"

விரல் நுழையும் அளவுக் கிழிசல் என்றால் விழாவை ஓட்டிவிடலாம், ப்ளோயர் ஈடுகட்டும். குதிக்கிற தளத்தில் கிழிசல் என்றால் அளவு பார்க்காமல் நிறுத்துங்கள், குட்டி விரல் ஒன்று போதும் அதில் மாட்ட. வீட்டுக்கு வந்த பிறகு ஒட்டு. அதே வகைத் துணியில் கிழிசலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக வெட்டி, மூலைகளை வட்டமாகக் கத்தரியுங்கள், சதுர மூலை உரியும். இரண்டு பக்கமும் பசை தடவி, தொட்டால் ஒட்டாத பதம் வந்த பிறகு அழுத்த வேண்டும். தையல் ஓரத்தில் விட்டிருந்தால் பசை நிற்காது, மிஷின்தான்.

"கலர் ஒட்டிக்கிச்சு, போகல"

கேக் வெட்டும்போது வெடிக்கிற காகிதத் தூள். அது ஈரத்தில் ஒட்டினால் சாயம் இறங்கும், மஞ்சள் தளத்தில் ரோஸ் ரோஸாக. தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைத்தால் சாயத்தோடு துணியின் மெருகும் போகும், நாளடைவில் அந்த இடம் விறைத்து வெடிக்கும். பாத்திரம் கழுவுகிற சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், ஸ்பான்ஞ்ச், பொறுமை. முழுசாகப் போகாது. அதனால் காகித வெடியும் நுரை ஸ்ப்ரேயும் பலூனுக்குள் கூடாது என்று ரசீதிலேயே அடித்து வைத்திருக்கிறேன், ஆனாலும் எடுத்து வருவார்கள்.

"பிரிச்சா நாத்தம் அடிக்குது"

ஈரத்தோடு சுருட்டியிருக்கிறீர்கள். ஐப்பசி கார்த்திகையில் நம்ம ஊரில் இது பாதி வேலை. நனைந்த பலூனின் மேல்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டால் காய்ந்துவிட்டது என்று தோன்றும், உள்ளே தண்ணீர் தையல் ஓரமாகத் தேங்கியிருக்கும். மறுநாள் விரித்து ப்ளோயரைப் போட்டால் ஊசித் துளை வழியாகக் குமிழ் குமிழாக வெளியே வரும், அது நிற்கும் வரை ஓடட்டும், அரை நாள் கூட ஆகும். நடுவில் ஒரு தடவை இறக்கிப் புரட்டிப் போடுங்கள்.

கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டால் சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷும், பிறகு வெயில். ப்ளீச்சிங் பவுடர் போடாதீர்கள். துணி வெளுத்துப் பளிச்சென்று ஆகும், நைலான் நூல் இற்றுப்போகும், இரண்டு மாதம் கழித்து ஒரு மூலை அப்படியே பிரிந்து வரும்போது காரணம் ஞாபகம் இருக்காது.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரையேறியபோது மூன்று பலூன்களைக் குடோன் தரையில் வைத்திருந்தேன். மழைத் தண்ணீர் ஒரு முழம் உள்ளே வந்தது, அடுத்த நாட்களில் தென்பெண்ணையும் பொங்கியதில் வெளியே எடுத்துக் காயப்போட ஒரு காய்ந்த இடம் இல்லை. 2011இல் தானே புயல் வந்தபோது நான் இந்தத் தொழிலில் இல்லை, இருந்த சொந்தக்காரர் ஒருவர் அப்போதே சொன்னார், மூன்றடிக்குப் பலகை அடி என்று. இப்போது அடித்திருக்கிறேன். பலகை அடித்ததில் எலி தொல்லையும் குறைந்தது. அதற்குத் துணி பிடிக்காது, யாரோ ஒரு பிள்ளை மடிப்புக்குள் விட்டுப்போன மிக்சரும் கேக்கும்தான் பிடிக்கும், அதற்காகத்தான் துணியைக் கடிக்கிறது. சுருட்டும் முன் கூட்டிப் பெருக்குங்கள்.

"பைக்குள்ள போகல"

ராத்திரி பதினொரு மணிக்கு வருகிற போன் இது. காற்று முழுக்க இறங்கவில்லை. எல்லா ஜிப்பையும் திறந்து, தும்பிக்கைக்கு எதிர்முனையில் இருந்து ஆரம்பித்து, மூன்று பேர் தோளோடு தோள் ஒட்டி நடந்து காற்றைத் தும்பிக்கைப் பக்கம் தள்ள வேண்டும். அப்புறம் மூன்றாக மடித்து, அதே முனையில் இருந்து முழங்காலால் அழுத்திக்கொண்டே சுருட்டுங்கள், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை நிறுத்தி அதன் மேல் உட்காருங்கள். அவசரம் என்றால் ஜிப்பை மூடிவிட்டு ப்ளோயரின் காற்று இழுக்கிற பக்கத்தைத் தும்பிக்கை வாயில் பொருத்தி ஓட்டினால் உறிஞ்சிவிடும், பத்து நிமிட வேலை இரண்டு நிமிடத்தில் முடியும், ஓரத்தில் துணி உள்ளே இழுபடாமல் ஒருத்தர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பாண்டியில் இருந்து திரும்புகிற ராத்திரிகளில் நான் இதைக் கண்டிப்பாகச் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு தடவை சரியாகச் சுருட்டாமல் குட்டியானையில் ஏற்றி வந்தோம், எல்லைச் சோதனைச்சாவடியில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். பாண்டியில் இருந்து அந்த நேரத்துக்கு அவ்வளவு பெரிய மூட்டை வந்தால் சந்தேகம் வரத்தானே செய்யும். ஒரு காவலர் லத்தியால் அழுத்தினார், மூட்டை புஸ்ஸென்று மூச்சு விட்டது.

"உள்ள என்னய்யா?"

"காத்து சார்."

பிரித்துக் காட்டச் சொல்லிவிட்டார். நடுரோட்டில் விரித்து, மறுபடி சுருட்டி வீடு சேரும்போது மணி இரண்டு.